அயிரைக்கு மணல்தான் வீடு

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் அயிரையைத் தெரியாத வீடு இருக்காது. சட்டியில் குழம்பாகத் தெரியும். சந்தையில் அலுமினியத் தாம்பாளத்தில் ஒரு விரல் தண்ணீரில் நெளிவதும் தெரியும். அதே மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, அது மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாக உதறுவதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கடலுக்கு அப்பாலிருந்து வரும் மீன்களுக்குப் பணம் கொடுக்கிறோம். கல்லணைக்குக் கீழே பிரியும் வாய்க்கால்கள் எல்லாவற்றிலும் கிடக்கும் இந்த மீன், வளர்க்கவும் படம் எடுக்கவும் அவற்றில் எதற்கும் குறைந்ததில்லை. ஒன்றே ஒன்று: அயிரைக்குத் தொட்டி வைப்பவர் மணலில் இருந்து தொடங்க வேண்டும். தண்ணீர், ஃபில்டர், விளக்கு, கேமரா எல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்து அயிரையின் அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் விவரித்தபோது அவர் கையில் இருந்தது திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் பிடித்த மீன். தெர்மாலிஸ் என்ற பெயர் அதனால் வந்தது. பெரும்பாலும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வாயைச் சுற்றி மீசை. கண்ணுக்குக் கீழே, வேண்டும்போது நிமிர்த்தி மடக்கக்கூடிய ஒரு நுண்முள். இந்த முள்ளை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை வைக்கும்.

சந்தைத் தாம்பாளத்தில் அவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் அயிரை மணிக்கணக்கில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் குடல். மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கும், குடல் சுவரில் உள்ள ரத்தக் குழாய்கள் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மிச்சக் காற்று பின்வழியே குமிழியாகப் போகும். வயலில் தண்ணீர் வற்றிச் சேறாகும் நாட்களில் இந்தக் குணம்தான் அதைக் காப்பாற்றுகிறது. தொட்டி வைப்பவருக்கு இதில் இரண்டு செய்தி உண்டு. தண்ணீருக்கு மேலே காற்று இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பி மூடிவிடக் கூடாது. இரண்டாவது, எல்லா மீனும் அடிக்கடி மேலே ஓடி வந்து காற்றுக் குடித்தால் அதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது.

தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் போதும். முழுக் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 40 லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். எட்டு முதல் பத்து அயிரை தாராளமாக வாழும். ஒன்றிரண்டு மட்டும் விட்டால் பகல் முழுக்க மணலுக்குள்ளேயே கிடக்கும். கூட்டமாக இருந்தால்தான் துணிந்து வெளியே திரியும். உயரமான தொட்டி வாங்குவது இந்த மீனுக்கு வீண் செலவு. அதற்கு வேண்டியது தரைப்பரப்பு.

மணலுக்கு வருவோம். தேவை, அரை மில்லிமீட்டரில் இருந்து ஒரு மில்லிமீட்டர் வரையான உருண்ட ஆற்று மணல். வீட்டு வேலைக்கு வாங்கியதில் மிஞ்சியது ஒரு வாளி இருந்தால் அதுவே போதும். இதற்காக ஆற்றில் இறங்கித் தோண்ட வேண்டியதில்லை. எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், ஓரமெல்லாம் கூர். மணலை வாய்க்குள் எடுத்துச் செவுள் வழியே விடும் மீனுக்கு அந்தக் கூர் ஆகாது. கடற்கரைப் பக்கத்து மணலும் வேண்டாம், அதில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது நாளாக நாளாகத் தண்ணீரைக் கடினமாக்கும்.

மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப இந்தத் தொட்டிக்கு ஐந்தரை லிட்டர் மணல் வேண்டும், எடை ஏறக்குறைய ஒன்பது கிலோ. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துப் பொடியையும், பெரிய சல்லடையில் சலித்துப் பருக்கைக் கல்லையும் நீக்குங்கள். பிறகு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையால் கிளறி, கலங்கல் தண்ணீரைக் கொட்டுங்கள். வாளித் தண்ணீருக்குள் கை ரேகை தெளிவாகத் தெரியும் வரை இதைச் செய்ய வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் அதன் விலையைப் படம் எடுக்கும்போது கொடுப்பீர்கள்: அயிரை ஒருமுறை மணலில் பாய்ந்தாலே தொட்டி முழுக்கத் தூசி எழும், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் புள்ளியாக விழும்.

மணலை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போடாதீர்கள். அடியில் காற்றுப் புகாத கறுப்புத் திட்டு உருவாகும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனைக் கொல்லும். மூன்று சென்டிமீட்டரில் அயிரைகளே நாள்தோறும் கிளறி வைத்துக்கொள்ளும். அவை போகாத மூலைகளை மட்டும் வாரம் ஒருமுறை விரலால் கிளறிவிட வேண்டும். மீசை குட்டையாகிக்கொண்டே வந்தால் மணலின் கூர்மையை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் மணலில் தேங்கிய கழிவும் அதில் பெருகிய பாக்டீரியாவும்தான் மீசையை அரிக்கின்றன. சைஃபன் டியூபை மணலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்துக் கழிவை உறிஞ்சி எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் டெல்டா ஒரே சீராக இல்லை. காவிரி, வெண்ணாற்றுக் கரையோர ஊர்களின் ஆழ்துளைத் தண்ணீர் ஓரளவு நன்றாகவே இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக உப்பு ஏறும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும், விலை அதிகமில்லை. 400-க்குள் இருந்தால் அப்படியே ஊற்றலாம். 900 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைத்தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் 300 சொச்சத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து விழும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். முழுக்க மழைத்தண்ணீரில் வளர்க்கக் கூடாது. அதில் அமிலத்தைத் தாங்கும் சக்தி கிடையாது, பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) திடீரென்று சரியும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதற்குச் சோடியம் தயோசல்ஃபேட் படிகம், ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்கள் டார்க்ரூமில் ஹைப்போ என்று பயன்படுத்திய அதே பொருள். பத்து கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 20 லிட்டர் வாளிக்கு மூன்று மில்லி போதும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் குளோரின் வரை அது முறித்துவிடும்.

டெல்டாவில் மீன் வளர்ப்பவர்கள் பலர் கவனிக்கத் தவறுவது பிஎச்சுக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள உறவு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி 0.7 சதவீதம். பிஎச் 8-ல் 6.5 சதவீதம். 8.5-ல் 18 சதவீதம். நம் போர் தண்ணீர் பல ஊர்களில் 8-ஐத் தொடும். அதாவது மலைப்பக்கத்துத் தொட்டியில் பொறுத்துக்கொள்ளக் கூடிய அதே அளவு அம்மோனியா, இங்கே மே மாதத்தில் மீனைச் சாகடிக்கும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா வேரூன்ற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி ஒன்றின் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் பிழிந்துவிட்டால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீனை விட வேண்டும்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்சும் ஏர் மோட்டாரும் போதும், அயிரைக்கு அதைவிட நல்லது கிடையாது. பவர் ஃபில்டர் வைத்தே ஆக வேண்டுமானால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். இல்லையென்றால் அயிரை உள்ளே போய்விடும், மோட்டாரைத் திறக்கும்போதுதான் தெரியும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். கரண்ட் போனால் பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் காற்றுக் குடிக்கும் அயிரை தாங்கும். கூட இருக்கும் கெண்டைகளும் ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாவும் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும்.

கோடையில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதை மழைத்தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ ஈடு செய்யுங்கள், போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

மீன் எங்கே கிடைக்கும்? மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து, வாய்க்காலில் ஓட்டம் நிலைத்த பிறகு அயிரை தாராளமாகக் கிடைக்கும். மதகுக்குக் கீழே நீர் சுழன்று மணல் படியும் இடம் பாருங்கள். வயலில் மருந்து அடித்த பிறகு வடிகாலில் பிடிக்காதீர்கள். இன்று அடிக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீனுக்குக் கொடிய விஷம். பிடிக்கும்போது நன்றாகத் தெரிந்த மீன் இரண்டு நாளில் சுருண்டு கிடக்கும். சந்தையில் வாங்கினால் உப்போ சாம்பலோ தூவுவதற்கு முன்னால், உடம்பில் உராய்வு இல்லாததாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பத்துக்கு மேல் எடுக்க ஒரு காரணமும் இல்லை.

வலையால் அள்ளாதீர்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் முகம் கிழியும். கண்ணாடி டம்ளரை வழியில் சாய்த்துப் பிடித்து, மறுகையால் மெல்லத் துரத்தினால் தானே உள்ளே போகும். பாலிதீன் பையில் கொண்டுவந்தால் இரட்டைப் பை போட்டு, மீன் ஒதுங்கிச் சிக்காதபடி கீழ்மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஒரு பங்கு, காற்று இரண்டு பங்கு. வீட்டில் தனித் தொட்டியில் மூன்று, நான்கு வாரம் வைத்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். தனித் தொட்டியிலும் மணல் வேண்டும், ஒரு தட்டு அளவுக்காவது. வெறும் கண்ணாடித் தரையில் அயிரை அமைதியடையாது, தின்னாது.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்துக்கு முன்னால் உப்பு. கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், மறுநாள் இன்னொரு கிராம், அதோடு நிறுத்தி அந்த உப்புத் தண்ணீரிலேயே பத்து நாள் வரை. தண்ணீரை மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பைச் சேருங்கள். ஃபார்மலினும் மாலகைட் கிரீனும் கலந்த மருந்து போடுவதானால் பாதி அளவு. அயிரையின் செதில் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, மருந்தை மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். நன்றாகத் தின்றும் முதுகு கத்தி போல மெலிந்துகொண்டே வந்தால் குடற்புழு. லெவமிசோல், லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம், பிறகு பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி மணலைச் சைஃபன் செய்ய வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

தீனி இரவில். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் குச்சித் தீனியோ உறையவைத்த ரத்தப்புழுவோ போடுங்கள். காலையில் மிச்சம் கிடந்தால் அளவு அதிகம். சாக்கடையில் இருந்து வரும் டியூபிஃபெக்ஸ் புழுவை நம்ப வேண்டாம், நோய் அதோடுதான் வரும். மூடியில் காற்றுக் குழாய் நுழையும் ஓட்டையைக்கூடப் பஞ்சால் அடையுங்கள். மழை இருட்டும் நாட்களில் அயிரை சுவரேறித் துள்ளும்.

கூட்டாளிகளாக, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் மேல்நீர் மீன்களும் சின்னக் கெண்டைகளும் பொருந்தும். கெளுத்தி, உளுவை, ஆரல், விரால் குஞ்சு, ஜிலேபி எதுவும் வேண்டாம். அயிரைக்கு உறவு என்று கடையில் நான்கு சென்டிமீட்டரில் விற்கும் கிளவுன் லோச்சை இந்தத் தொட்டிக்கு வாங்குவது பெரிய தவறு. சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன் அது. 20 சென்டிமீட்டரைத் தாண்டும், 20 ஆண்டுக்கு மேல் வாழும், ஆறடித் தொட்டியும் கூட்டமும் கேட்கும். வரிகள் போட்ட போட்டியா ஸ்ட்ரையேட்டா மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் இருப்பது. ஆற்றில் பிடித்து விற்கும் அதை வாங்காமல் இருப்பதுதான் சரி.

இனி படம். வளர்ப்புத் தொட்டியிலேயே எடுக்கும் படத்துக்கு உயிர் அதிகம். அடையாளம் காட்டும் தெளிவான படத்துக்குத் தனிச் சிறு தொட்டி வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளம், 15 உயரம், 8 அகலம், மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி, ஒரு கீறலும் இல்லாதது. உள்ளே நகர்த்தக் கூடிய ஒரு கண்ணாடித் துண்டு. முன்கண்ணாடிக்கும் அதற்கும் இடையே மூன்று, நான்கு சென்டிமீட்டர் சந்து விட்டால் மீன் திரும்பலாம், கேமராவை விட்டு விலகிப் போக முடியாது. அடியில் ஒரு சென்டிமீட்டர் மணல், அதே வளர்ப்புத் தொட்டி மணல், அதே தண்ணீர். புதிதாகப் பிடித்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி முழுக்கக் குமிழி ஒட்டும்.

மணலின் நிறம் படத்தைத் தீர்மானிக்கிறது. வெண்மணலில் அயிரை ஐந்து நிமிடத்தில் வெளிறிவிடும், பக்கவாட்டுக் கரும்புள்ளிகள் மங்கிப்போகும். பழுப்பு மணலில் அதன் புள்ளி வரிசை முழுதாக நிற்கும். பயந்த மீனும் வெளிறும். அதனால் படத் தொட்டிக்கு மாற்றியவுடன் கேமராவைத் தூக்காதீர்கள். முன்புறம் ஒரு துணி போட்டு கால் மணி நேரம் விடுங்கள். மணலை வாயில் எடுத்துத் துப்பத் தொடங்கினால் மீன் தயார். மொத்தமாக முக்கால் மணி நேரத்துக்குள் திரும்ப வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்தால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து நிறங்களைப் பிரித்துவிடும், மீசையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். 60 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் அறையின் பிரதிபலிப்பு விழாது. லென்ஸ் திறப்பு எஃப் 11, ஷட்டர் நொடியில் 160-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 200. ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் படத்துக்கு வெளிச்சம் ஃப்ளாஷில் இருந்து மட்டுமே வருகிறது. எட்டில் ஒரு பங்கு சக்தியில் அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எரியும், நெளிவு உறைந்து நிற்கும்.

ஃப்ளாஷை கேமரா தலையில் வைக்காதீர்கள், கண்ணாடி பளீரிடும், தூசி மின்னும். தொட்டிக்கு நேர் மேலே 20 சென்டிமீட்டர் உயரத்தில், கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்து, இடையில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு. அதற்கும் கீழே தொட்டிக்கு ஒரு கண்ணாடி மூடி கட்டாயம். துள்ளும் மீன் ஃப்ளாஷை நனைத்தால் கைக்கும் ஆபத்து. வயிற்றுப் பக்கம் இருட்டாக வந்தால் முன்கண்ணாடிக்கு வெளியே, சட்டத்துக்குக் கீழே, ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்தால் நிரம்பிவிடும்.

மீன் அதன் நிஜ அளவில் பாதியாகச் சென்சாரில் விழும் பெரிதாக்கத்தில், சிறிய சென்சாரில், எஃப் 11-க்குக் கிடைக்கும் கூர்மையின் ஆழம் இரண்டரை மில்லிமீட்டர்தான். அயிரையின் உடல் தடிமனே அதைவிட அதிகம். மீன் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும் கணத்தில் மட்டும் அழுத்துங்கள், கண்ணில் ஃபோகஸ் வைத்து. எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுதும் மெழுகுபோல மழுங்கும். 11-ல் நின்று பத்துப் படம் அதிகம் எடுப்பதே மேல்.

ஃபோனில் எடுப்பவர்கள் அருகே கொண்டுபோகாமல் இரண்டு, மூன்று மடங்கு லென்ஸில் தள்ளி நின்று எடுங்கள். மலிவான எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 100-ல் ஒரு பங்கு அல்லது 50-ல் ஒரு பங்குக்கு வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மீன் மணலில் அசையாமல் கிடக்கும்போது அந்த வேகமே போதும்.

இனம் கண்டறியப் படம் எடுப்பதானால் பக்கவாட்டு முழு உடல், மேலிருந்து முதுகு, தலை நெருக்கம், வால் துடுப்பு ஆகிய நான்கும் வேண்டும். ஒன்றிலாவது பக்கத்தில் அளவுகோல் தெரியட்டும். அதோடு மார்புத் துடுப்பு: ஆண் மீனில் உடலை ஒட்டிய கடைசி இரண்டு கதிர்கள் இணைந்து தடித்த தகடு போல இருக்கும், பெண்ணில் இருக்காது. முன்கண்ணாடியில் மீன் சாய்ந்து ஓய்வெடுக்கும்போது கீழிருந்து எடுத்தால் இது தெளிவாக விழும். படத்தின் கோப்பில் ஊர், வாய்க்கால், தேதி, தண்ணீரின் டிடிஎஸ் எல்லாம் அன்றே எழுதிவிடுங்கள். படம் எடுத்து முடிந்த மீனைத் திரும்ப வாய்க்காலில் விடாதீர்கள். கடை மீன்களோடு ஒரே தொட்டியில், ஒரே வாளியில் இருந்த மீன் எந்த ஒட்டுண்ணியைக் கொண்டுபோகும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டியை நிறுத்துவதானால் இன்னொரு வளர்ப்பாளரிடம், மணலோடு சேர்த்துக் கொடுங்கள்.